ஹவெவர், தேர்ஃபோர், மோரோவர்: எங்கே போடுவது, எங்கே விடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் வீட்டு ஹாலிலேயே மாலை நேரத்தில் ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். படிவம் நான்கு, ஐந்து பிள்ளைகள்தான் அதிகம். மூயெட் (பல்கலைக்கழகம் போக எழுதும் ஆங்கிலத் தேர்வு) எழுதப் போகிறவர்களும் வருகிறார்கள். பிறைப் பக்கம் தொழிற்சாலை அலுவலகங்களில் வேலை பார்த்துக்கொண்டே, ஒரு கடிதம் எழுத அரைநாள் தவிக்கிறவர்களும் உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகளில் பாதி ஒரே விஷயத்தைப் பற்றியவை: வாக்கியத்தை வாக்கியத்தோடு கோக்கும் இந்தப் பெரிய மனுஷச் சொற்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல் பதிவு அனுப்பி அலுத்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

உதாரண வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள். இணைப்புச் சொல் தப்பான இடத்தில் உட்கார்ந்திருந்தால் கண்ணுக்கு முன்னால் காது கண்டுபிடித்துவிடும்.

டீச்சர், இணைப்புச் சொல் நிறையப் போட்டால்தான் மார்க் வருமாமே?

யார் சொன்னது என்று கேட்டால் எல்லோரும் ஒரு சீனியரைக் கை காட்டுகிறார்கள். அந்தச் சீனியரை நான் இதுவரை பார்த்ததில்லை.

படிவம் ஐந்து முடிவில் எழுதும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வின் ஆங்கிலம் இரண்டாம் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 80 சொல்லில் ஒரு மின்னஞ்சல், 125 முதல் 150 சொல்லில் ஒரு கட்டுரை, 200 முதல் 250 சொல்லில் இன்னொன்று. ஒவ்வொன்றையும் நான்கு கோணத்தில் திருத்துகிறார்கள்: உள்ளடக்கம், படிப்பவரிடம் போய்ச் சேரும் விதம், ஒழுங்கமைப்பு, மொழி. இணைப்புச் சொற்கள் முக்கியமாக ஒழுங்கமைப்புக்குள் வருகின்றன. அங்கேயும் அவை ஒரு பகுதி மட்டும்தான். பத்தி பிரித்த விதம், கருத்து வரிசை எல்லாம் அதே இடத்தில்தான் பார்க்கப்படும்.

ஐயெல்ட்ஸ் எழுதப் போகிற அண்ணன் அக்கா யாராவது வீட்டில் இருந்தால் அந்தத் தேர்வின் மதிப்பீட்டு விளக்கத்தைக் கேட்டு வாங்கிப் படித்துப் பாருங்கள். கோர்வைக்கு அங்கே நான்கில் ஒரு பங்கு மதிப்பெண். ஆறாம் பேண்டில் (தர நிலையில், ஒன்பதுதான் உச்சம்) இருப்பவரின் கோர்வை இயந்திரத்தனமாக இருக்கலாம் என்று எழுதியிருக்கும். ஒன்பதாம் பேண்டுக்கு வந்தால், கோர்வை கண்ணில் படாத அளவுக்கு இயல்பாக இருக்க வேண்டும் என்கிறது. இணைப்புச் சொல்லை வரிக்கு வரி தோரணமாகக் கட்டுகிறவர் எந்தப் பேண்டில் நிற்பார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ஒரு கட்டுரைக்கு எத்தனைதான் போடுவது?

எண்ணிக்கை சொல்ல மாட்டேன். சொன்னால் அதையும் மனப்பாடம் செய்துவிடுவீர்கள்.

ஒரு சோதனை மட்டும் சொல்லித் தருகிறேன். அந்தச் சொல்லை விரலால் மறைத்துக்கொண்டு இரண்டு வாக்கியங்களையும் படியுங்கள். படிப்பவருக்கு உறவு தானாகவே புரிகிறதா? அப்படியானால் சொல் வேண்டாம். 'இட் ரெய்ண்ட் ஆல் நைட். த ஃபீல்ட் வாஸ் அண்டர் வாட்டர்.' இதற்கு நடுவே கான்சிக்வென்ட்லி எதற்கு? இரவெல்லாம் மழை கொட்டினால் திடலில் தண்ணீர் நிற்கும் என்று யாருக்குத்தான் தெரியாது, அதுவும் 2017 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பினாங்குக்காரர்களுக்கு?

மறைத்துப் படித்தபோது "ஏன் திடீரென்று இதைச் சொல்கிறார்?" என்று தடுக்கினால், அங்கே சொல் தேவை.

என் மகன் கட்டுரையில் எல்லாப் பத்தியும் 'பிசைட்ஸ் தட்' என்றே ஆரம்பிக்கிறது. இது தப்பா?

உங்கள் மகன் மட்டும் இல்லை, அம்மா. இந்த நாட்டில் நான் திருத்திய கட்டுரைகளில் இந்த இரண்டு சொல்லும் இல்லாத கட்டுரையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். மலாய்க் கட்டுரைக்குப் பள்ளியில் 'பெனண்டா வாச்சானா' என்று ஒரு பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். செலாயின் இத்து, ஓலே இத்து, தம்பஹான் பூலா, வாலாவ் பகாய்மானாபுன். ஒவ்வொரு பத்திக்கும் ஒரு தொப்பி மாதிரி அதை மாட்டினால்தான் கராங்கான், அதாவது கட்டுரை, முழுமையான கராங்கான். அதை நான் குறை சொல்லவில்லை, அந்த மொழியின் கட்டுரை மரபு அது. ஆனால் பிள்ளை அதே தொப்பியை எடுத்து வந்து ஆங்கிலத்துக்கும் மாட்டுகிறான். செலாயின் இத்து 'பிசைட்ஸ் தட்' ஆகிறது, ஓலே இத்து தேர்ஃபோர் ஆகிறது, தம்பஹான் பூலா மோரோவர் ஆகிறது.

'பிசைட்ஸ் தட்' இலக்கணப்படி தப்பில்லை. கொஞ்சம் பேச்சு வாடை அடிக்கும், அவ்வளவுதான். ஆனால் நான்கு பத்திக்கும் அதே தொடக்கம் என்றால், இரண்டாவது காரணம் முதல் காரணத்தைவிடப் பெரியதா, சின்னதா, அதன் தொடர்ச்சியா என்று எதுவும் தெரியாது. மளிகைச் சாமான் பட்டியல் மாதிரி அரிசி, அப்புறம் பருப்பு, அப்புறம் எண்ணெய் என்று போய்க்கொண்டே இருக்கும்.

மாற்று வழி ஒன்று உண்டு. முந்தைய பத்தியின் கருத்தை அடுத்த பத்தியின் முதல் வாக்கியத்துக்குள் ஒரு சொல்லாக இழுத்து வாருங்கள். முதல் பத்தி பள்ளிச் சிற்றுண்டிச்சாலை விலையைப் பற்றி என்று வையுங்கள். இரண்டாவது பத்தி தூய்மையைப் பற்றி. 'பிசைட்ஸ் தட், த கேன்டீன் இஸ் டர்ட்டி' என்று எழுதாமல், 'ஸ்டூடண்ட்ஸ் மைட் ஃபர்கிவ் த பிரைஸஸ் இஃப் த டேபிள்ஸ் வேர் கிளீன்' என்று எழுதிப் பாருங்கள். விலையும் வந்துவிட்டது, தூய்மையும் வந்துவிட்டது. இணைப்புச் சொல் தனியாக ஒன்றும் நிற்கவில்லை. இதை ஒரு பிள்ளை முதல்முறை தானாக எழுதிக்கொண்டு வந்த அன்று நான் அவளுக்கு ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தேன்.

'ஆல்தோ' போட்டால் 'பட்' போடக் கூடாதா? போட்டால்தானே முழுமையாகத் தெரிகிறது?

கூடாது. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தப்புக்கு நம் தாய்மொழிதான் காரணம் என்று பலர் பழி போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

தமிழில் 'மழை பெய்தாலும் போனோம்' என்கிறோம். இணைப்பு எங்கே இருக்கிறது? தனிச் சொல்லாக இல்லை. பெய்தாலும் என்ற வினையின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த 'ஆலும்' ஒன்றே போதும். 'மழை பெய்தாலும் ஆனால் போனோம்' என்று எழுதினால் தமிழ் வாத்தியாரே சிவப்புக் கோடு போடுவார். பேச்சில் 'மழ பேஞ்சாலும், ஆனா போனோம்' என்று இழுத்துச் சொல்வோம். அது மூச்சு வாங்குவதற்காக.

மலாயிலும் இதே கதைதான். 'வாலாவ்புன்' (ஆல்தோ) என்று தொடங்கிய வாக்கியத்தில் 'தெத்தாப்பி' (பட்) வந்தால் அது பிழை என்று பள்ளியில் திருத்தச் சொல்லித் தருகிறார்கள். ஆக, மூன்று மொழியிலும் ஒரே விதி. ஒரு முடிச்சுக்கு ஒரு கயிறு.

'ஆல்தோ இட் ரெய்ண்ட், வீ வென்ட்.' சரி.
'இட் ரெய்ண்ட், பட் வீ வென்ட்.' இதுவும் சரி.
'ஆல்தோ இட் ரெய்ண்ட், பட் வீ வென்ட்.' தப்பு.

'ஆல்தோ இட் ரெய்ண்ட், வீ ஸ்டில் வென்ட்' என்று ஸ்டில் சேர்க்கலாம். ஸ்டில் இரண்டு வாக்கியங்களை ஒட்டும் சொல் இல்லை, அழுத்தம் மட்டும் கொடுக்கிறது. பட் ஒட்டும் சொல். வித்தியாசம் அதில்தான்.

இதே நோய் பிகாஸ், சோ ஜோடிக்கும் உண்டு. 'பிகாஸ் த பஸ் வாஸ் லேட், சோ ஐ மிஸ்ட் த ஃபெர்ரி.' இரண்டில் ஒன்றை எடுத்துவிடுங்கள். எதை எடுத்தாலும் வாக்கியம் பிழைத்துக்கொள்ளும்.

அப்புறம், பிகாஸ் வாக்கியத்தை அரைகுறையாக நிறுத்துவது. 'ஐ மிஸ்ட் த எக்ஸாம். பிகாஸ் த பஸ் வாஸ் லேட்.' நடுவில் இருக்கும் முற்றுப்புள்ளியை அழியுங்கள். பிகாஸ் தொடங்கி வைத்த பகுதி தனியாக நிற்காது, சாய்ந்துகொள்ள ஒரு முழு வாக்கியம் வேண்டும்.

'ஹவெவர்' முன்னால் கமா போட்டேன், டீச்சர் வட்டம் போட்டுவிட்டார். ஏன்?

'த நியூ ஃபெர்ரி இஸ் ஃபாஸ்ட், ஹவெவர், இட் டஸ் நாட் கேரி கார்ஸ்.' இப்படித்தானே எழுதியிருப்பீர்கள்?

பட் செய்கிற வேலையை ஹவெவர் செய்யும் என்று நினைப்பதால் வரும் தடுமாற்றம் இது. பொருளில் இரண்டும் பங்காளிகள். இலக்கணத்தில் வேறு வேறு வீடு. பட் இரண்டு வாக்கியங்களை ஒன்றாக ஒட்டும் பசை. அதற்கு முன் ஒரு கமா போதும். ஹவெவர் பசை இல்லை. இரண்டாவது வாக்கியத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, முந்தைய வாக்கியத்தைத் திரும்பிப் பார்க்கும் ஆள் அது. ஆகவே முந்தைய வாக்கியத்தை முதலில் முடித்தாக வேண்டும். முடிக்க இரண்டு வழி: முற்றுப்புள்ளி, அல்லது அரைப்புள்ளி.

'த நியூ ஃபெர்ரி இஸ் ஃபாஸ்ட். ஹவெவர், இட் டஸ் நாட் கேரி கார்ஸ்.'
'த நியூ ஃபெர்ரி இஸ் ஃபாஸ்ட்; ஹவெவர், இட் டஸ் நாட் கேரி கார்ஸ்.'

எனக்குப் பிடித்தது மூன்றாவது வகை. ஹவெவரை வாக்கியத்துக்கு நடுவில் நுழைத்து இரண்டு பக்கமும் கமா போடுவது: 'த நியூ ஃபெர்ரி இஸ் ஃபாஸ்ட். இட் டஸ் நாட், ஹவெவர், கேரி கார்ஸ்.' படித்துப் பாருங்கள், 'கேரி கார்ஸ்' என்ற இடத்தில் அழுத்தம் விழும். 2023இல் புதிய பெர்ரி வந்தபோது கார்க்காரர்கள் எல்லோரும் வருத்தப்பட்டதும் அந்த இடத்துக்காகத்தான்.

தேர்ஃபோர், மோரோவர், ஃபர்தர்மோர், நெவர்தலெஸ், கான்சிக்வென்ட்லி எல்லாம் ஹவெவர் வீட்டுக்காரர்கள். அதே நிறுத்தற்குறி விதிதான். பட், அண்ட், சோ, ஆர், யெட் ஆகியவை பசை வீடு. ஆல்தோ, பிகாஸ், வேராஸ், வைல் ஆகியவை மூன்றாவது வீடு. அவை சாய்ந்துகொள்ளும் வகை, தனியாக நிற்காது. இந்த மூன்று வீட்டையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள். நூறு சொல் பட்டியலைவிட அது பயன்படும்.

கொசுறாக ஒன்று. 'ஹவெவர் ஹார்ட் ஹீ ட்ரைட்' என்று வந்தால் அங்கே ஹவெவருக்கு 'எவ்வளவுதான்' என்று பொருள். அதற்குப் பின் கமா போட்டுவிடாதீர்கள்.

நெவர்தலெஸ்ஸும் ஹவெவரும் ஒன்றுதானே?

தமிழில் 'ஆனால்' இருக்கிறது, 'இருந்தாலும்' இருக்கிறது. எல்லா இடத்திலும் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதைப் போட முடியுமா? 'அண்ணன் உயரம், ஆனால் தம்பி குள்ளம்' என்போம். அங்கே 'இருந்தாலும்' ஒட்டாது. நெவர்தலெஸ் அந்த 'இருந்தாலும்'. முன்னால் சொன்னது ஒரு தடை, அதைத் தாண்டியும் ஒன்று நடந்தது என்றால்தான் அது வரும். வெறும் வேறுபாட்டுக்கு ஹவெவர் போதும்.

தேர்ஃபோர், ஹென்ஸ், தஸ்: எது எங்கே?

பொருள் கிட்டத்தட்ட ஒன்று, நடத்தை வேறு. ஹென்ஸுக்குப் பின்னால் வெறும் பெயர்ச்சொல் வரலாம். 'ஏரிக்கா பாம்ஸ் க்ரூ ஹியர், ஹென்ஸ் த நேம் பினாங்.' பாக்கு மரம் இருந்ததால் பினாங்கு என்ற பெயர். இந்த இடத்தில் தேர்ஃபோர் போட முடியாது, அதற்கு முழு வாக்கியம் வேண்டும். தஸ் 'இங்' வினையைத் தாங்கும்: 'த பிரிட்ஜ் ஓப்பண்ட் இன் 1985, தஸ் எண்டிங் த ஐலண்ட்ஸ் டிபெண்டன்ஸ் ஆன் ஃபெர்ரீஸ்.' சந்தேகமாக இருந்தால் தேர்ஃபோரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 'ஹென்ஸ் வை' என்று சேர்த்து எழுதாதீர்கள், ஹென்ஸுக்குள்ளேயே அந்த 'வை' இருக்கிறது.

நடத்தையைவிடப் பெரிய தொல்லை வேறு. காரணமே இல்லாத இடத்தில் தேர்ஃபோர் போடுவது. ஒரு மாணவர் எழுதியது: பினாங்கின் முதல் பாலம் 1985இல் திறக்கப்பட்டது, தேர்ஃபோர் இரண்டாவது பாலம் 2014இல் திறக்கப்பட்டது. இரண்டு தகவலும் சரி. ஆனால் முதலாவது திறந்ததாலா இரண்டாவது வந்தது? முதலாவதில் நெரிசல் என்று நடுவே ஒரு வாக்கியம் இருந்திருந்தால் தேர்ஃபோருக்கு உட்கார இடம் கிடைத்திருக்கும். ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தது என்றால் 'லேட்டர்' போதும்.

இதற்கு ஒரு தமிழ்ச் சோதனை வைத்திருக்கிறேன். வாக்கியத்தைத் தமிழில் 'அதனால்' போட்டுச் சொல்லுங்கள். 'அது எப்படி அதனால் ஆகும்?' என்று பாட்டி கேட்பார் என்றால் தேர்ஃபோரை எடுத்துவிடுங்கள். பாட்டிகளுக்கு இந்த விஷயத்தில் தப்பாது.

மோரோவர் போட்டால் வேலை விண்ணப்பம் கம்பீரமாகத் தெரியுமா?

மோரோவர், ஃபர்தர்மோர் இரண்டும் ஒரு பக்கம் சாய்ந்த வாதத்துக்கு மேலும் எடை ஏற்றும் சொற்கள். 'இது மட்டுமா, இன்னும் கேள்' என்ற தொனி. வழக்காடும்போது பொருந்தும். 'ஐ ஆம் 22 யியர்ஸ் ஓல்ட். மோரோவர், ஐ லிவ் இன் பிறை' என்று எழுதினால், பிறையில் வசிப்பது இருபத்திரண்டு வயதைவிடப் பெரிய சாதனை போல ஆகிவிடும். சிரிக்காதீர்கள், இதே மாதிரி ஒரு விண்ணப்பத்தை நான் திருத்தினேன்.

வெறும் கூடுதல் தகவலுக்கு 'ஆல்சோ' போதும். கொஞ்சம் முறையாக வேண்டுமென்றால் 'இன் அடிஷன்'. விண்ணப்பக் கடிதத்தில் இரண்டு தகவலையும் அண்ட் போட்டு ஒரே வாக்கியமாக எழுதினாலும் யாரும் வேலை தராமல் போக மாட்டார்கள்.

'ஆன் தி அதர் ஹேண்ட்' எப்போது, 'ஆன் தி கான்ட்ரரி' எப்போது?

முதலாவது ஒரே பொருளின் இரண்டு பக்கத்தைத் தராசில் வைப்பது. வாடகை வீடு மலிவு; ஆன் தி அதர் ஹேண்ட், சொந்தமாக எதுவும் மிஞ்சாது. இரண்டும் உண்மை.

இரண்டாவது, முன்னால் சொன்னதை மறுப்பது. அது பெரும்பாலும் 'இல்லை' என்று முடிந்த வாக்கியத்துக்குப் பின்னால் வரும். 'ஷீ இஸ் நாட் லேஸி. ஆன் தி கான்ட்ரரி, ஷீ வொர்க்ஸ் டூ ஜாப்ஸ்.' இதை முதலாவதின் இடத்தில் போட்டால் நீங்களே சொன்னதை நீங்களே பொய் என்கிறீர்கள்.

படிவம் ஐந்துப் பிள்ளைகள் ஆன் தி அதர் ஹேண்டை 'அப்புறம் இன்னொன்று' என்ற பொருளில் போடுவதையும் பார்க்கிறேன். எதிர்ப்பக்கம் இல்லாவிட்டால் அந்தச் சொல்லுக்கு வேலையே இல்லை.

இரண்டு வேறு பொருள்களை ஒப்பிட வேராஸ் நல்லது. தைப்பூசத்துக்கு வரும் இரண்டு ரதங்களை எழுதிப் பாருங்கள்: 'த சில்வர் சேரியட் பிலாங்ஸ் டு த செட்டியார்ஸ், வேராஸ் த கோல்டன் சேரியட் பிலாங்ஸ் டு த ஹிண்டு எண்டோமெண்ட்ஸ் போர்ட்.' நடுவில் கமா. வேராஸோடு புது வாக்கியம் தொடங்கி அதை அங்கேயே முடித்துவிடாதீர்கள். அது சாய்ந்துகொள்ளும் வீட்டுச் சொல் என்று மேலே சொன்னேனே.

'டிஸ்பைட் ஆஃப்' சரியா?

இல்லை. டிஸ்பைட் தனியாக வரும். 'ஆஃப்' வேண்டுமென்றால் 'இன் ஸ்பைட் ஆஃப்', அதுவும் மூன்று தனிச் சொல்லாக. இன்ஸ்பைட் என்று ஒட்டி எழுதுவது பிழை.

இரண்டுக்கும் பின்னால் பெயர்ச்சொல்லோ 'இங்' வடிவமோதான் வரும். 'டிஸ்பைட் த ரெய்ன்' சரி. 'டிஸ்பைட் இட் வாஸ் ரெய்னிங்' தப்பு. முழு வாக்கியம் எழுத ஆசையா, ஆல்தோவிடம் போங்கள். பிகாஸ், பிகாஸ் ஆஃப் ஜோடியும் இப்படித்தான்: முதலாவதுக்கு வாக்கியம், இரண்டாவதுக்குப் பெயர்ச்சொல்.

ட்யூ டு பற்றி ஒரு பழைய சண்டை உண்டு. 'த டிலே வாஸ் ட்யூ டு த ரெய்ன்' என்று எழுதினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். 'ட்யூ டு த ரெய்ன், வீ வேர் லேட்' என்று தொடங்கினால் பழைய பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். இன்று பரவலாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். நானும் விட்டுவிடுகிறேன். தேர்வு எழுதுகிறவர்கள் அந்த இடத்தில் பிகாஸ் ஆஃப் போட்டால் வம்பே இல்லை.

'வேர்பை' போடலாமா? அலுவலகத்தில் எல்லோரும் போடுகிறார்களே.

எல்லோரும் போடுகிறார்கள், பாதிப் பேர் 'வேர்' என்ற பொருளில் போடுகிறார்கள். வேர்பை என்றால் 'எந்த வழியாக, எந்த ஏற்பாட்டின்படி'. 'எ சிஸ்டம் வேர்பை ஸ்டாஃப் கிளெய்ம் ஓவர்டைம் ஆன்லைன்' சரி. 'எ மீட்டிங் வேர்பை த மேனேஜர் வாஸ் ஏங்க்ரி' தப்பு. கூட்டம் என்ன, கோபப்படுவதற்கான வழிமுறையா?

அலுவலகக் கடிதத்துக்கு வேறு என்ன கவனிக்க வேண்டும்?

பகலில் வேலை, இரவில் வகுப்பு என்று வருகிறவர்களுக்காக மூன்று விஷயம்.

'வித் ரிகார்ட் டு' என்பதில் ரிகார்டுக்குப் பின்னால் 'ஸ்' வேண்டாம். வாழ்த்துச் சொல்லும்போதுதான் ரிகார்ட்ஸ்.

'அக்கார்டிங் டு மை ஒபீனியன்' என்று எழுதாதீர்கள். அக்கார்டிங் டு பிறர் சொன்னதைச் சுட்டுவதற்கு. உங்கள் கருத்துக்கு 'இன் மை ஒபீனியன்'.

'ஃபார் எக்ஸாம்பிள், சச் ஆஸ்' என்று இரண்டையும் அடுக்க வேண்டாம். சச் ஆஸ் தொடங்கிய பட்டியலின் கடைசியில் எட்செட்ராவும் வேண்டாம், சச் ஆஸ் என்றாலே 'இவை போன்ற' என்று ஆகிவிட்டது.

எங்கள் வீட்டு வடிகால் அடைத்துக்கொண்டதைப் பற்றி நானே ஒரு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். முதல் கடிதத்தில் நெவர்தலெஸ், ஃபர்தர்மோர் எல்லாம் போட்டு ஒன்றரைப் பக்கம். பதில் இல்லை. இரண்டாவதில் ஐந்து வரி: எந்தத் தெரு, எத்தனை நாளாக, என்ன செய்ய வேண்டும். இணைப்புச் சொல் என்று பார்த்தால் ஒரே ஒரு பிகாஸ். ஒரு வாரத்தில் ஆள் வந்தார். கடிதத்தின் மகிமையா, அவர்கள் எப்படியும் வரவிருந்தார்களா, தெரியாது. ஆனால் அந்த ஐந்து வரியை நான் இன்னும் வகுப்பில் காட்டுகிறேன்.

கடைசிப் பத்தியை 'அட் லாஸ்ட்' என்று தொடங்கலாமா?

வேண்டாம். அட் லாஸ்ட் என்றால் 'அப்பாடா, ஒருவழியாக'. கட்டுரை முடிந்ததில் உங்களுக்கே நிம்மதி என்று காட்டிக்கொடுத்துவிடும். பட்டியலின் கடைசி அம்சத்துக்கு லாஸ்ட்லி அல்லது ஃபைனலி. 'இன் எ நட்ஷெல்' பேச்சுவாக்கில் வரும் மரபுத்தொடர், முறையான கட்டுரைக்கு 'இன் கன்க்லூஷன்' தேவலை. அதுவும் இல்லாமல் நேராக முடிவைச் சொன்னாலும் சரிதான்.

பட், அண்ட் போட்டு வாக்கியத்தைத் தொடங்கக் கூடாது என்கிறார்களே?

ஆங்கிலத்தில் நன்றாக எழுதுகிறவர்கள் எல்லோரும் தொடங்குகிறார்கள். இலக்கண விதி எதுவும் அதைத் தடுக்கவில்லை. சின்ன வகுப்பில் ஒவ்வொரு வாக்கியத்தையும் அண்ட், அண்ட் என்று தொடங்கும் பிள்ளைகளை அடக்க ஒரு ஆசிரியர் சொன்னது விதியாகிவிட்டது போல. முறையான கட்டுரையில் எப்போதாவது ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைப் பள்ளியில் ஓராண்டு புகுமுக வகுப்பும் முடித்துப் படிவம் ஒன்றுக்கு வந்தவள். அதனால்தான் இதில் பின்தங்குகிறாளா?

அப்படி நினைக்காதீர்கள். ஆறாம் ஆண்டு வரை தமிழில் கட்டுரை எழுதிய பிள்ளைக்கு எனினும், ஆகவே, மேலும், ஏனெனில் எல்லாம் ஏற்கெனவே தெரியும். எங்கே 'எனினும்' வரும், எங்கே 'ஆகவே' வரும் என்று அவளைத் தமிழில் கேளுங்கள், சட்டென்று சொல்வாள். உறவு அவளுக்குப் புரிந்திருக்கிறது, ஆங்கிலப் பெயரும் நிறுத்தற்குறியும்தான் புதிது. நான் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு முதலில் தமிழில் இரண்டு வாக்கியம் கொடுத்து இணைக்கச் சொல்வேன். பிறகுதான் ஆங்கிலம்.

போன் செயலி எழுதித் தரும் கட்டுரையில் இந்தச் சொற்கள் அழகாக வருகின்றனவே. அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாமா?

பார்க்கலாம். ஆனால் அதையும் விரல் சோதனைக்கு உட்படுத்துங்கள். போன வாரம் ஒரு மாணவர் கொண்டுவந்த பக்கத்தில் ஐந்து மோரோவரை அடித்தோம். கட்டுரைக்கு ஒன்றும் ஆகவில்லை.

சரி, வீட்டில் எப்படிப் பழகுவது?

பழைய கட்டுரை ஒன்றை எடுங்கள். அதில் இருக்கும் எல்லா இணைப்புச் சொல்லையும் சிவப்புப் பேனாவால் அடியுங்கள், ஒன்றையும் விடாமல். அன்றைக்கு அத்தோடு மூடி வையுங்கள். மறுநாள் வேறு யாரிடமாவது கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அப்பா, அக்கா, பக்கத்து வீட்டுப் பையன், யாரானாலும் பரவாயில்லை. அவர் எங்கே தடுக்குகிறாரோ, எங்கே திரும்பிப் போய்ப் படிக்கிறாரோ, அந்த இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு புள்ளி வைத்த இடத்தில் மட்டும் சொல்லைப் போடுங்கள். என்ன உறவு என்று தமிழில் சொல்லிப் பார்த்து, மூன்று வீட்டில் எந்த வீட்டுச் சொல் என்று முடிவு செய்து, நிறுத்தற்குறியோடு எழுதுங்கள்.

மூயெட்டுக்குத் தயாராகிறவர்கள் 250 சொல் கட்டுரைக்கு இதைச் செய்யுங்கள், 100 சொல் மின்னஞ்சலுக்குத் தேவைப்படாது. செவ்வாய்க்கிழமை வகுப்புப் பிள்ளைகள் அடித்த கட்டுரையைக் கொண்டுவர வேண்டும். கூடவே ஒரு சிவப்புப் பேனாவும். என்னிடம் இருந்ததில் மை தீர்ந்துவிட்டது.